அபேனாவின் மஞ்சள் கால்

அந்த மனிதர் புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி, மடங்காத மற்றக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, முனகிக்கொண்டே குனிந்தார். அவருக்கு முன்னால் அபேனா நின்றாள். அவளுடைய இடது கால், முழங்காலுக்குக் கீழேயிருந்து கணுக்கால்வரை, பளபளவென்று மஞ்சளாக இருந்தது.

கறுத்த தோலின் மேல் மஞ்சள் இவ்வளவு அழகாகப் பிடிக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பொன் தகட்டைச் சுற்றியதுபோல மாலை வெயிலில் மின்னியது. கழகத்தின் வெள்ளைக் காலுறையும் மேல் விளிம்பில் மஞ்சளாகியிருந்தது.

"இது என்ன?" என்று அவர் கேட்டார்.

அவர் அபேனாவின் ஓட்டப் பயிற்சியாளர். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். கென் என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அபேனா என்னைப் பார்த்தாள். நான் மகளின் தள்ளுவண்டியைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தேன். அந்த மஞ்சள் என் கைவேலை. அதற்கு அடியில் இருந்த வீக்கம், இரண்டு நாளுக்கு முன் பந்தாட்டத்தில் ஒருத்தி உதைத்ததால் வந்தது. கென்னுக்கு அது தெரிந்தால் அபேனாவுக்கு அஞ்சலோட்ட அணியில் இடமில்லை.

நான் வாயைத் திறந்தேன்.

"இது எங்கட சமயச் சடங்கு. ஓட முந்திப் பூசுறது."

ஞாயிறு பூசை தவறாதவள் நான். வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தில் வாசகம் வாசிப்பவள். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். அந்த மூன்று பேரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கென் மெதுவாக எழுந்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்கவேணும். தெரியாமல் கேட்டிட்டன்" என்றார்.

தொப்பியைக் கழற்றாமல் இருந்திருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

(அபேனாவும் கென்னும் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். எனக்குத் தெரிந்த தமிழில் அவர்களைக் கதைக்கவிட்டிருக்கிறேன். கென் போன்ற ஒரு நியூசிலாந்துக் குழாய் வேலைக்காரர் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சுடுதண்ணி அலுமாரி

அப்போது நாங்கள் ஒக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில், ஒரே சுவரைப் பங்குபோடும் இரண்டு சின்ன வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மற்றதில் அபேனா இருந்தாள். கானா நாட்டுப் பெண். வயது இருபத்திரண்டு. ஒரு சலவைத் தொழிற்சாலையில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. வீட்டுக்கு முன்னால், வீதியைப் பார்த்தபடி, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கொடி.

குடிவந்த கிழமை அவள் என் கதவைத் தட்டினாள். ஒரு கையில் பந்தாட்ட ஆணிச் சப்பாத்து, மற்றக் கையில் முழங்கால் நீளத்துக்குச் சிவப்புக் காலுறை, சொட்டச் சொட்ட.

"சிஸ்டர், இதை உங்கட வீட்டுக்குள்ள காயப்போடலாமா?"

"வெளியில கொடி இருக்கே?"

"கொடியில போட்டா கென் பாப்பார். அவர் ஒவ்வொரு நாளும் காலமை இந்த வீதியாலதான் வேலைக்குப் போறவர்."

அப்படித்தான் அந்தக் கதை எனக்குத் தெரியவந்தது. அபேனாவுக்குச் செவ்வாயும் வியாழனும் ஓட்டப் பயிற்சி, சனிக்கிழமை ஓட்டப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் பாபகூராவுக்குப் போய்ப் பெண்கள் அணி ஒன்றுக்குப் பந்தாடுவாள். ஓட்டக்காரர்களுக்கு அவளுடைய பந்தாட்டம் தெரியாது. பந்தாட்டக்காரர்களுக்கு அவளுடைய ஓட்டம் தெரியும். ஆனால் அவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

கென்னுக்கு ஒரே ஒரு சட்டம். தன்னிடம் ஓடுகிறவர்கள் பந்தைத் தொடக்கூடாது. முன்பு அவரிடம் ஓடிய இரண்டு பெண்கள் பந்தாடப் போய்க் காலைக் கெடுத்துக்கொண்டு வந்தார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடமாட்டார்.

"அப்ப ஒண்டை விட வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன். நான் எப்போதும் ஒன்றை விடுகிறவள்.

அபேனா யோசித்தாள். "ஓட்டத்தில ஒருத்தரையும் இடிக்க ஏலாது" என்றாள். "பந்தாட்டத்தில ஒருத்தரும் மணிக்கூட்டைப் பாக்கிறேல்லை. எனக்கு ரெண்டும் வேணும்."

ஊரில் அவளிடம் யாரும் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னதில்லையாம். காலையில் பள்ளிக்கூடத்துக்காக ஓடுவாள், பின்னேரம் பந்தாடுவாள். இரண்டுக்கும் ஒரே கால் என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலுமாரி நல்ல சூடு. அதற்குள் மகளின் சட்டைகளுக்கும் கணவருடைய பெனியன்களுக்கும் இடையில் சிவப்புக் காலுறை காயத் தொடங்கியது. இரண்டாவது கிழமை இவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார்.

"இஞ்சாரும், இந்த வீட்டில ஆர் பந்தடிக்கிறது?"

"அபேனாவின்ர. அவவின்ர அலுமாரி சரியாச் சூடாகிறேல்லையாம்."

முதல் பொய் அதுதான். சின்னது. இவர் நம்பினார், அடுத்த ஞாயிறு ஒரு திருப்புளியோடு போய் அவளுடைய அலுமாரியைத் திருத்தப் பார்த்தார். நன்றாக இருந்த அலுமாரி அன்றிலிருந்து உண்மையாகவே சூடாகவில்லை.

மகளுக்கு அப்போது மூன்று வயது. அபேனாவுக்கு அவள் வைத்த பெயர் 'ஃபுட்பால் ஆன்ட்டி'. நான் எவ்வளவு தமிழில் சொல்லிக் கொடுத்தாலும் அவள் அதை மட்டும் தெளிவான ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வாள். பின்னேரங்களில் ஓட்டத் திடலுக்கு அவளை உலாத்தக் கூட்டிப்போகும்போது என் கைப்பையில் எப்போதும் ஒரு பைக்கற் பிஸ்கட் இருக்கும். கென் பக்கத்தில் வந்தால் ஒன்றை அவள் வாயில் வைப்பேன்.

அந்தக் கோடையில் மகள் நன்றாகக் கொழுத்தாள்.

தேசிக்காய் ஓட்டம்

நான் ஏன் இந்த வேலைக்குள் போனேன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். கடதாசிச் சோடனையும் பச்சைத் தென்னோலை மணமும் குளுக்கோஸ் தூளுமாக ஒரு நாள். நான் ஒரே ஒரு தடவை ஓடினேன். வாயில் கரண்டி, கரண்டியில் தேசிக்காய். விழுந்தால் கையால் தொடக்கூடாது, கரண்டியாலேயே எடுக்கவேண்டும். எல்லோரும் இரண்டு மூன்று முறை விழுத்தினார்கள். நான் ஒரு முறைகூட விழுத்தவில்லை. கடைசியாக வந்தேன்.

அதற்கடுத்த வருடம் நான் பெரியபிள்ளையானேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையைக் குடிக்கவைத்து, அதே கோதில் நல்லெண்ணெயை அளந்து ஊற்றினார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் வீடு என்பதால் இதில் எதுவும் குறையவில்லை. அதன் பிறகு என்னை யாரும் ஓடச் சொல்லவில்லை. ஓடுகிறவர்களுக்குக் குளுக்கோஸ் பிடிக்கிற பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே அந்த ஞாயிறு மாலை அபேனா நொண்டிக்கொண்டு வந்து என் குசினிக் கதிரையில் இருந்து, வீங்கிய காலை நீட்டி, "செவ்வாய்க்கிழமை கென் பாத்தா நான் முடிஞ்சன்" என்று சொன்னபோது, குளுக்கோஸ் பிடித்த கை சும்மா இருக்கவில்லை.

அவளுக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு கிழமையில் ஒக்லாந்துப் போட்டி. அஞ்சலோட்டத்தில் முதல் இரண்டு அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். அபேனா கடைசிச் சுற்று ஓடுகிறவள். தான் போகப்போவதாக அம்மாவுக்கு ஏற்கெனவே கடிதம் எழுதிவிட்டாள். அம்மா அதைத் தங்கள் கோயிலில் எழுந்து நின்று வாசித்துவிட்டார்.

"முழுச் சனமும் எனக்காகச் செபிக்குது, சிஸ்டர். இனி எப்பிடி நான் போகேல்லை எண்டு எழுதுறது?"

மஞ்சளும் உப்பும் குழைத்து, இரும்புக் கரண்டியில் சூடாக்கி, இளஞ்சூட்டில் பத்துப் போட்டேன். வீக்கம் செவ்வாய்க்கிழமைக்குள் முக்கால்வாசி வற்றிவிட்டது. அதில் எனக்கு இன்றுவரை பெருமை உண்டு. ஆனால் மஞ்சள் போகாது என்பதை நான் யோசிக்கவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம். இன்னும் பளபளத்தது. மஞ்சளைக் கண்டால் காயம் என்று நினைக்காமல் மங்களம் என்று நினைக்கும் ஊரில் பிறந்தவளுக்கு, மஞ்சள் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவேயில்லை.

நாலு பேருக்கும் பூசலாமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை, சடங்கு என்று நான் சொன்ன பிறகு, அபேனா பயத்தில் ஓடினாள். கென் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

வியாழக்கிழமை அவர் தள்ளுவண்டிப் பக்கம் வந்தார். நான் மகளின் வாயில் பிஸ்கட்டை வைத்தேன்.

"ஒண்டு கேக்கலாமா? பிழையெண்டாச் சொல்லுங்கோ" என்றார். "மற்ற மூண்டு பேருக்கும் அதைப் பூசலாமா? இல்லாட்டி அது உங்கட ஆக்களுக்கு மட்டுமா?"

தப்பிக்க ஒரு வழியை அவரே நீட்டினார். எங்கட ஆக்களுக்கு மட்டும் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்படிச் சொன்னால் அபேனா எந்தக் கணக்கில் எங்கட ஆள் என்று கேட்பார் என்று பயந்தேன்.

"எல்லாருக்கும் பூசலாம்" என்றேன்.

அன்றிரவு அபேனா என் குசினியில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள்.

"சிஸ்டர், நான் ஒரே ஒரு பொய்தான் வைச்சிருந்தன். நீங்கள் அதைக் குடும்பமாக்கிப்போட்டியள்."

அடுத்த செவ்வாய் நான் ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் மஞ்சள் குழைத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். நான்கு பெண்கள் திடலோர நீள வாங்கில் வரிசையாக இருந்து இடது காலை நீட்டினார்கள். இருவர் வெள்ளைக்காரப் பெண்கள், ஒருத்தி சமோவா, ஒருத்தி அபேனா. நான் புல்லில் முழந்தாளிட்டுப் பூசினேன். கென் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். சும்மா பூசினால் சடங்கு மாதிரி இராதே என்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேன். அது பதினாறாம் வாய்ப்பாடு.

பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டில் நான் நிற்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

முட்டையும் நல்லெண்ணெயும்

மலர் அக்கா. எங்கள் வெள்ளிக்கிழமை செபக்கூட்டம் அவருடைய வீட்டில்தான் நடக்கும். மன்னாரைச் சேர்ந்தவர், கண்டிப்பானவர், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். அவருடைய பத்து வயது மகள் அதே கழகத்தில் சின்னவர்களோடு நீளம் பாய்கிறாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

நான் வாய் திறக்குமுன் கென் பதில் சொன்னார். "உங்கட சமயச் சடங்கைத்தான் செய்யிறா. எங்கட பெட்டையளுக்கும் செய்யிறது எவ்வளவு பெரிய மனசு."

மலர் அக்கா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசியவர் அவர். நான் மஞ்சள் கையோடு காத்திருந்தேன்.

"ஓம்" என்றார் மலர் அக்கா கென்னிடம். "ஆனா இவ அரைவாசிதான் செய்யிறா. மஞ்சள் மட்டும் போட்டாக் காணாது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கவேணும்."

கென் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார்.

"எத்தனை முட்டை?"

"ஆளுக்கு ஒண்டு. எண்ணெயை அந்த முட்டைக் கோதிலதான் அளக்கவேணும். ஓடுற நாளில ஒருக்காக் குடிச்சாச் சரி. உடம்பு இரும்பு மாதிரி வேணுமெண்டா ஒவ்வொரு நாளும் குடிக்கலாம். ஆனா அது உங்கட ஆக்களுக்கு ஏலாது."

கென் அந்தக் கடைசி வசனத்தையும் எழுதினார்.

கார் நிறுத்துமிடத்தில் நான் மலர் அக்காவின் பின்னால் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அலுமாரி, காலுறை, வீக்கம், அபேனாவின் அம்மா எழுதிய பதில். அவர் காரின் கதவைப் பிடித்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உம்மைக் காட்டிக்குடுத்தா உமக்கு வெட்கம். விட்டா எனக்குப் பாவம். அதுதான் நடுவில ஒரு தண்டனை போட்டன். முட்டை குடிக்கிறது அதுகள், நிண்டு பாக்கிறது நீர்."

"அக்கா, அதுகள் என்ன செய்ததுகள்?"

மலர் அக்காவின் கண்டிப்பான முகம் ஒரு பக்கமாக நெளிந்தது. "பன்ரெண்டு வயசில எனக்குப் பருக்கினது, பிள்ளை, இன்னும் தொண்டையிலயே நிக்குது. வேற ஆரும் குடிக்கிறதைப் பாக்கவேணுமெண்டு எனக்கு இத்தனை வருசமா ஆசை."

போட்டி நாளில் அவர் சொன்னபடியே வந்தார். நாலு முட்டை, ஒரு போத்தல் நல்லெண்ணெய், கடதாசிக் குவளைகள். வெள்ளைக்காரப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார்கள். சமோவாப் பெண் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள். மலர் அக்கா மிகுந்த திருப்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களுடைய ஓட்டத்தை நிறுத்திய நாளில் எங்களுக்குப் பருக்கியதை, இவர்கள் ஓடவேண்டும் என்று இங்கே பருக்கினோம். அது அப்போதே எனக்குப் பட்டது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அபேனா மட்டும் குடிக்கவில்லை. மலர் அக்கா திரும்பிய நேரம் குவளையைப் புல்லில் கவிழ்த்தாள். எண்ணெய் அவளுடைய வலது கை விரல்களில் வழிந்தது. காற்சட்டையில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

நான் கண்டேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு என்று சொல்லியிருக்கலாம். மகளின் கையைக் கழுவு என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறவள் நான். அன்றைக்குச் சொல்லவில்லை.

பிஸ்கட் முடிந்த நேரம்

அஞ்சலோட்டம் பின்னேரம். துப்பாக்கி வெடித்தது. முதல் மூன்று பேரும் நன்றாக ஓடினார்கள். நாலு மஞ்சள் கால்களில் மூன்று சுற்றி வந்துவிட்டன. சமோவாப் பெண் அஞ்சல்கோலை நீட்டினாள். அபேனா பின்னால் பாராமல் கையை நீட்டி வாங்கினாள். எங்கள் அணி முன்னால் நின்றது.

நாலைந்து அடி போயிருப்பாள். கோல் அவளுடைய விரல்களிலிருந்து ஈர மீன்போல வழுக்கியது.

தேசிக்காய் விழுகிறபோது கூட்டம் போடும் அந்தச் சத்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கோல் தரையில் பட்டு எழும்பி, உருளத் தொடங்கியது. குனிந்து எடுத்தால் எல்லாம் முடிந்தது. அபேனா குனியவில்லை. வலது பாதத்தை உருளும் கோலின் மேல் வைத்தாள், தன் பக்கம் இழுத்தாள், நுனிக்காலால் ஒரு எத்து. கோல் செங்குத்தாக மேலே வந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கண் இமைக்கும் நேரம்தான். ஓர் அணி முந்திவிட்டது. மற்றவர்களை அவள் விடவில்லை. இரண்டாவதாக வந்தாள்.

வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர்கள் மூன்று பேர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். விழுத்தியவர்தான் எடுக்கவேண்டும், அவள்தான் எடுத்தாள். யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. கையாலா காலாலா எடுக்கவேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடச் சட்டம் இதைவிடத் தெளிவானது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒருவர் தோளைக் குலுக்கினார். இரண்டாமிடம் நின்றது.

எல்லோரும் கத்திக்கொண்டு கட்டிப்பிடித்தார்கள். கென் மட்டும் கத்தவில்லை. நொண்டி நொண்டி அபேனாவிடம் வந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அதை எங்க பழகினாய்?" என்று கேட்டார்.

அபேனா மூச்சு வாங்கினாள். நான் கைப்பைக்குள் கையைவிட்டேன். பைக்கற்றில் தூள் மட்டும்தான் இருந்தது.

"ஃபுட்பால் ஆன்ட்டி" என்றாள் என் மகள், மிகுந்த பெருமையோடு, திடல் முழுக்கக் கேட்கும்படி.

கென் அவளைப் பார்த்தார். பிறகு அபேனாவைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"வந்த நாள் தொடக்கம்" என்றாள் அபேனா. "ஞாயிற்றுக்கிழமையில. இடது பக்கம், முன்னுக்கு விளையாடுறனான்."

"நாளைக்கும் போறியா?"

இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு கிழமை, இரண்டு கிழமை பந்தை விட்டால் போதும். அவ்வளவுதான்.

"போறன்" என்றாள். "இனி ஒளிக்கமாட்டன், கென்."

அவர் தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று தெரியவில்லை. "திங்கட்கிழமை சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை

ஞாயிறு காலை சுவருக்கு அந்தப்பக்கம் அபேனா பையைக் கட்டும் சத்தம் கேட்டது. நான் போய்க் கதவில் நின்றேன்.

"இண்டைக்கு ஒரு நாள் விட்டா என்ன?"

"ஒரு நாள் விட்டா அவர் சொன்னது சரியெண்டு ஆகிடும், சிஸ்டர். நான் ரெண்டையும் செய்யிறன் எண்டுதானே சொல்லுறன்? செய்யாமல் எப்பிடிச் சொல்லுறது?" சிரிக்காமல்தான் சொன்னாள். சிவப்புக் காலுறையைப் பைக்குள் திணித்தாள். பிறகு ரயிலுக்குப் போனாள்.

நான் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். சாமியாருக்கு இதை எந்த இடத்தில் தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல், என் முறை வருமுன் வரிசையை விட்டு விலகினேன். மலர் அக்கா எனக்கு முன்னால் நின்றவர், அவரும் விலகினார்.

திங்கள் காலை, வழக்கம்போல அபேனாவின் சிவப்புக் காலுறை என் கையில் ஈரமாக இருந்தது. கூடவே கழகத்தின் நாலு சோடி வெள்ளைக் காலுறைகள். மஞ்சள் கறையை வெளுக்கவைக்க நான் பொறுப்பெடுத்திருந்தேன். மஞ்சள் வெயிலில்தான் போகும்.

சுடுதண்ணி அலுமாரியின் கதவைத் திறந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு கதவை மூடிவிட்டு வெளியே போய், எல்லாவற்றையும் கொடியில் போட்டேன். வெள்ளை இரண்டு பக்கமும், நடுவில் சிவப்பு. செய்துவிட்டு உடனே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் கென்னின் வான் வண்டி வந்துவிட்டது.

அது மெதுவாகியது. நின்றது.

அவர் கொடியைப் பார்த்தபடி வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நேற்று பாபகூராவுக்குப் போனன்" என்றார். "வானுக்குள்ள இருந்துதான் பாத்தனான்."

"அபேனா விழுந்தாளா?"

"அவ விழேல்லை. ரெண்டு பேரை விழுத்தினா."

அவர் காற்சட்டையின் ஒரு காலைச் சுருட்டத் தொடங்கினார். முழங்கால் ஒரு சின்னப் பூசணிக்காய் அளவு இருந்தது.

"இதுக்குப் பூசுவியளா? என்ன செபம் சொல்லவேணுமெண்டாலும் நான் சொல்லுறன்."

அவர் தொப்பியைக் கழற்றப் போனார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு கிழமையில் எனக்கு வந்த ஒரே துணிவு அது.

"செபம் ஒண்டும் இல்லை, கென். சடங்கும் இல்லை. அது வீக்கத்துக்குப் போடுற பத்து. அபேனாவின்ர காலில இருந்தது பந்தாட்டக் காயம். நான் பயத்தில பொய் சொன்னனான். அண்டைக்கு நான் முணுமுணுத்தது வாய்ப்பாடு."

அவர் தன் முழங்காலைப் பார்த்தார்.

"முட்டை?" என்று கேட்டார் பிறகு.

"முட்டையும் பொய்தான்."

"எண்ணெய்?"

"எண்ணெயும்."

அவர் கண்ணை மூடினார். "நான் ஒவ்வொரு நாளும் குடிக்கிறன்" என்றார். "விடிய ஆறு மணிக்கு. கோதில அளந்து. எங்கட ஆக்களுக்கு ஏலாது எண்டு அந்த மனுசி சொன்னவ."

நான் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன். முடியவில்லை. முதலில் அவர்தான் தொடங்கினார் என்று இப்போதும் சொல்வேன். தோள் குலுங்கியது, வாசற்படி குலுங்கியது. மகள் ஓடி வந்து, என்னவென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகு அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னட்டை ஓடின ரெண்டு பெட்டையள் பந்தாடிக் காலைக் கெடுத்தவை எண்டு எல்லாருக்கும் சொல்லுறனான். அதில ஒருத்தி என்ர பயிற்சியிலதான் தசை கிழிஞ்சவ. குளிருக்குள்ள அளவுக்கு மிஞ்சி ஓட வைச்சிட்டன்." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் ஒண்டு சொன்னியள். நானும் ஒண்டு சொல்லிட்டன்" என்றார்.

நான் உள்ளே போய் மஞ்சளும் உப்பும் குழைத்து, சூடாக்கிக் கொண்டு வந்து அவருடைய முழங்காலில் போட்டேன். வாய்க்குள் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. அவர் ஒரு தடவை பல்லைக் கடித்தார். பிறகு, நல்ல இளஞ்சூடு என்றார்.

எழுந்து நின்று, ஒரு கால் காற்சட்டையைச் சுருட்டியபடியே கேற்றுக்குப் போனார். நான் கேட்கவேண்டிய ஒன்றை இன்னும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது அவரே திரும்பினார்.

"செவ்வாய் அஞ்சரைக்கு. பிந்தாமல் வரச்சொல்லுங்கோ. கோலில நல்லெண்ணெய் மணத்தது. அதை வாங்கிற கையைக் கழுவிப்போட்டு வரச்சொல்லுங்கோ."

பிறகு கொடியைப் பார்த்தார். சிவப்புக் காலுறை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அதை மற்றப் பக்கம் திருப்பிப் போடுங்கோ. உள்பக்கமும் காயட்டும்."

திருப்பிப் போட்டேன்.